அடிக்கும் தழும்புக்கும் நடுவே

நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் நம் தோலின் ஒவ்வொரு செல்லிலும் என்ன நடக்கிறது என்பது இன்று நன்றாகத் தெரியும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்த இடத்தில் இழை கோணிப்போகிறது. இது சேதம். இதைச் சரிசெய்யாமல் விட்டு, செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது கோணல் விழுந்த இடத்துக்கு எதிரே தப்பான எழுத்து ஒன்று உட்கார்ந்துவிட்டால், அது அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும். இது சடுதிமாற்றம். செல் பெருக்கத்தை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவுக்குள் அது விழுந்திருந்தால், புற்றுநோயின் முதல் படி அதுவாகவே இருக்கலாம்.

சேதமும் சடுதிமாற்றமும் ஒன்றே என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். எக்ஸ் கதிர் பழ ஈக்களில் சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்று ஹெர்மன் முல்லர் 1927-ல் காட்டியபின் பரவிய சித்திரம் மிக எளிமையானது. கதிர் வந்து மோதுகிறது, மரபணு மாறிவிடுகிறது. செல்லுக்கு இதில் வேலையே இல்லை. அது சும்மா நின்று அடி வாங்குகிறது.

ஆனால் அடி வேறு, தழும்பு வேறு. அடி வெளியிலிருந்து வருகிறது. தழும்பை உண்டாக்குவது உடம்பு. இரண்டுக்கும் நடுவே செல் எதையோ உணர்கிறது, எதையோ நிறுத்துகிறது, எதையோ தொடங்குகிறது. இந்த இடைவெளி ஒன்று இருக்கிறது என்று கண்டு, தன் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் அதற்குள்ளேயே செலவிட்டவர் ஈவ்லின் விட்கின். அமெரிக்காவின் மிக உயர்ந்த மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது 2015-ல் அவருக்கும் ஸ்டீபன் எல்லெட்ஜுக்கும் சேர்த்து வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 94.

1921 மார்ச்சில் நியூயார்க் நகரில் பிறந்த ஈவ்லின், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார். 1940-ல் மிசூரி பல்கலைக்கழகத்தோடு நடக்கவிருந்த கால்பந்து ஆட்டத்தில், தங்கள் அணியின் கருப்பின வீரர் லியனார்ட் பேட்ஸைக் களமிறக்காமல் விட நிர்வாகம் ஒத்துக்கொண்டது. தெற்கத்தி அணிகளோடு ஆடும்போது கருப்பினத்தவரை விலக்கிவைப்பது அந்நாளில் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றிய எழுதப்படாத ஏற்பாடு. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். முன்னின்ற ஏழு பேரை 1941-ல் மூன்று மாதம் இடைநீக்கம் செய்தார்கள். அந்த எழுவரில் ஈவ்லினும் ஒருவர். அங்கேயே மேற்படிப்பைத் தொடரலாம் என்றிருந்த திட்டம் கலைந்தது. அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். (60 ஆண்டுகள் கழித்து, 2001-ல், அதே நியூயார்க் பல்கலைக்கழகம் அந்த எழுவரையும் பாராட்டிச் சிறப்பித்தது.)

கொலம்பியாவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி, பரிணாம உயிரியலின் பேராசான்களில் ஒருவர். உயிரிகள் தம் வாழ்நாளில் பெறும் மாற்றங்கள் அப்படியே சந்ததிக்கு இறங்கும் என்று சோவியத் நாட்டில் லைசென்கோ முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கருத்துகளில் இளம் ஈவ்லினுக்கு ஈர்ப்பு இருந்தது. டாப்ஜான்ஸ்கி அதை அவர் மனத்திலிருந்து களைந்தார். 1943-ல் வெளிவந்த லூரியா, டெல்ப்ரூக் இருவரின் கட்டுரையையும் அவர் கையில் கொடுத்தார். பாக்டீரியாவுக்கும் மரபணு உண்டு, அவற்றிலும் சடுதிமாற்றம் தானாகவே நிகழ்கிறது என்று நிறுவிய கட்டுரை அது. பழ ஈயின் அடுத்த தலைமுறையைப் பார்க்க ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவுக்கோ 20 நிமிடம் போதும். இனி மரபியல் இதில்தான் என்று ஈவ்லினுக்குப் பட்டது.

1944 கோடையில் லாங் ஐலண்டிலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார். பாக்டீரியாவைக் கையாண்டு அவருக்குப் பழக்கமே இல்லை. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிச் சடுதிமாற்றம் அடைந்தவற்றைத் தேடு என்பது ஆய்வகத் தலைவர் மிலிஸ்லாவ் டெமெரெக் கொடுத்த வேலை. எவ்வளவு கதிர் பாய்ச்சுவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஓர் அளவை வைத்தார். அது மிக அதிகம். வளர்தட்டில் எஞ்சியிருந்தவை நான்கே நான்கு காலனிகள்.

தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அளவைக் குறைத்து மறுபடி செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஈவ்லின் வேறு கேள்வி கேட்டார். இத்தனை கோடி செத்தபின் இந்த நான்கு மட்டும் ஏன் பிழைத்தன? தற்செயலா, அல்லது கதிரைத் தாங்கும் தன்மை இவற்றின் மரபணுவிலேயே இருக்கிறதா? நான்கையும் வளர்த்து அதே கதிரை மறுபடி பாய்ச்சினார். வழித்தோன்றல்களும் தாங்கின. கதிரைத் தாங்கும் திறன் மரபணுக்களின் கையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சான்று. ஈ.கோலையின் பி வகையிலிருந்து வந்த கதிர் எதிர்ப்பி என்பதால் அதற்கு 'பி/ஆர்' என்று பெயரிட்டார். பின்னர் உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கிய பாக்டீரியா அது.

விட்கினைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த நான்கு காலனிக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அவருடைய உண்மையான பெருமை அதில் இல்லை என்றே நினைக்கிறேன். கைக்கு வந்த தற்செயலைப் பற்றிக்கொள்வது பெரிய காரியம். அதைவிடப் பெரியது, அதில் விளங்காமல் இருந்த ஒன்றை 20 ஆண்டுகளுக்கு மேல் மறக்காமல் வைத்திருந்தது.

விளங்காமல் இருந்தது இதுதான். கதிர் பட்ட பி வகைப் பாக்டீரியா உடனே சாவதில்லை. அது வளர்கிறது. ஆனால் இரண்டாகப் பிரிவதில்லை. நடுவே சுவர் எழுப்பாமல் நீண்டுகொண்டே போய், நெடிய இழையாகிக் கடைசியில் மடிகிறது. பி/ஆர் வகை அப்படி நீள்வதில்லை. சற்றுத் தயங்கிவிட்டுப் பிரியத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் பி வகையைக் கொல்வது கதிரா, அல்லது பிரிவதை அது தானே நிறுத்திக்கொள்வதா? மிகக் குறைந்த கதிருக்கே பிரிவு நின்றுபோனது. எங்கோ ஒரு தடை இருக்க வேண்டும். அது என்ன, யார் போடுவது என்று சொல்ல அப்போது வழி இல்லை.

அந்த ஆய்வகம் அவருக்குக் கல்லூரிக்கு மேலான கல்லூரியாக இருந்தது. மக்காச்சோளத்தில் மரபணுக்கள் இடம் விட்டு இடம் தாவுவதைப் பார்பரா மெக்லின்டாக் அங்கேதான் கண்டுகொண்டிருந்தார். அவர் சொன்னது பிறருக்குப் பிடிபடாத நாளிலேயே அதைப் பின்தொடர்ந்து புரிந்துகொண்ட மிகச் சிலரில் விட்கினும் ஒருவர். ஆல்பர்ட் கெல்னரும் அங்கே இருந்தார். புற ஊதாக் கதிர் பட்ட நுண்ணுயிர்கள் சாதாரண வெளிச்சம் பட்டால் பிழைத்துக்கொள்கின்றன என்று அவர் 1949-ல் அறிவித்தார். சேதத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு செல்லுக்குள் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் ஒன்று அது. டிஎன்ஏவின் வடிவம் தெரிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

ஈவ்லினுக்குக் குழந்தைகள் பிறந்தபோது பகுதி நேரமாக வேலை செய்ய ஆய்வகம் இடம் கொடுத்தது. அந்நாளில் இது எளிதாகக் கிடைக்கும் சலுகை அல்ல. கிடைக்காமல் ஆய்வை விட்டுப்போன பெண்கள் எத்தனை பேரோ! 1955-ல் புரூக்ளினிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கும், 1971-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் மாறினார். பாக்டீரியா மட்டும் மாறவில்லை.

1960-களில் காட்சி தெளிவடையத் தொடங்கியது. பிணைந்துபோன தைமின்களை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பும் சீரமைப்பு முறை 1964-ல் கண்டறியப்பட்டது. இந்தச் சீரமைப்பு இல்லாத பாக்டீரியாவில் கதிர் பட்டால் சாவும் அதிகம், சடுதிமாற்றமும் அதிகம். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொரு வகை. விட்கின் ஆராய்ந்த ஒரு திரிபு வகை கதிருக்கு மிக எளிதாகச் செத்தது. ஆனால் பிழைத்தவற்றில் கதிரால் வந்த சடுதிமாற்றம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதில் திரிந்திருந்த மரபணுவுக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் லெக்ஸ்ஏ. ரெக்ஏ என்னும் இன்னொரு மரபணு பழுதானாலும் இதே கதைதான்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கதிர் அதே கதிர். டிஎன்ஏவில் விழுந்த சேதமும் அதே சேதம். ரெக்ஏ வேலை செய்யாவிட்டால் சடுதிமாற்றம் வருவதே இல்லை. அப்படியென்றால் சடுதிமாற்றத்தைச் செய்வது கதிர் அல்ல. அதைச் செய்ய ஒரு மரபணு தேவைப்படுகிறது. செல்தான் அதைச் செய்கிறது. முல்லர் காலத்துச் சித்திரம் இந்த இடத்தில் கிழிந்தது.

1967-ல் விட்கின் எழுதிய ஒரு சிறு கட்டுரையைத்தான் அவருடைய படைப்புகளின் உச்சம் என்பேன். அதில் அவர் இரண்டு தனித்தனி விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, பி வகை இழையாக நீளும் பழைய புதிர். மற்றொன்று, லாம்டா என்னும் வைரஸ். இந்த வைரஸ் பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் தன் டிஎன்ஏவைச் செருகிவிட்டுப் பல தலைமுறை உறங்கிக் கிடக்கும். அதன் மரபணுக்களை ஓர் ஒடுக்கிப் புரதம் அமுக்கி வைத்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் வைரஸ் விழித்துக்கொண்டு, பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். பாரிஸில் ஆந்த்ரே லுவாஃப் 1950 வாக்கில் கண்ட நிகழ்ச்சியும் இத்தகையதே.

பாக்டீரியா நீள்வதற்கும் வைரஸ் விழிப்பதற்கும் என்ன உறவு? இரண்டும் மிகக் குறைந்த கதிருக்கே நிகழ்கின்றன. பின்னால் சாதாரண வெளிச்சம் பட்டால் இரண்டுமே தடைப்படுகின்றன. ரெக்ஏ பழுதானால் இரண்டும் இல்லை. இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வராது என்றார் விட்கின். பிரிவைத் தடுக்கும் ஒரு மரபணு செல்லுக்குச் சொந்தமாகவே இருக்க வேண்டும், அதையும் வைரஸின் ஒடுக்கியைப் போன்ற ஒரு புரதம் அமுக்கி வைத்திருக்க வேண்டும், டிஎன்ஏ சேதமானதும் ஒரே சமிக்ஞை இரண்டு பூட்டுகளையும் திறக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த மரபணுவை அவர் கண்டதில்லை. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்ததில்லை. தட்டுகளில் எண்ணிய காலனிகளையும் நுண்ணோக்கியில் கண்ட இழைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார். பிறகு வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அந்த ஊகத்தின் சாரத்தை உறுதிசெய்தது.

யுகோஸ்லாவியாவில் பிறந்து பெல்ஜியத்தில் படித்த மிரோஸ்லாவ் ராட்மன் என்ற இளைஞர் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். 1970-ல் விட்கின் உள்ளிட்ட சிலருக்கு ஒரு குறிப்பை அனுப்பினார். ஒரே சமிக்ஞையால் விழிப்பவற்றின் பட்டியலில் சடுதிமாற்றத்தையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சேதம் மிஞ்சிப்போகும்போது, பிழை நேர்ந்தாலும் பரவாயில்லை என்று படியெடுத்து முடிக்கும் ஓர் ஏற்பாட்டை செல் தொடங்குகிறது என்றார். மூழ்கும் கப்பல்கள் அனுப்பும் அபயக் குறியீட்டையே அதற்குப் பெயராக வைத்தார்: எஸ்ஓஎஸ்.

கருத்து இருந்தது. சான்று வேண்டும். 1974-ல் விட்கின் அதைத் தந்த முறை அழகானது. ரெக்ஏ மரபணுவில் ஒரு திரிபு கொண்ட பாக்டீரியா உண்டு. வெப்பநிலையை 42 டிகிரிக்கு உயர்த்தினால், டிஎன்ஏவில் எந்தச் சேதமும் இல்லாமலே அபய ஏற்பாடு அதில் விழித்துக்கொள்ளும். அதற்குச் சிறிதளவு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். ஒரு பங்கை வழக்கமான வெப்பத்திலும் இன்னொரு பங்கை உயர்ந்த வெப்பத்திலும் வைத்தார். கதிரின் அளவு ஒன்று, சேதம் ஒன்று. சூடாக்கியதில் சடுதிமாற்றம் பெருகியிருந்தது. சடுதிமாற்றம் செல் தொடங்கிவைக்கும் செயல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1976-ல், துறை முழுவதையும் தொகுத்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை அடுத்த தலைமுறைக்குப் பாடநூலானது.

மூலக்கூறுகள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. படியெடுப்பு தடைபடும் இடத்தில் டிஎன்ஏவின் ஒற்றை இழை வெளியே தெரியும். அதுதான் ஆபத்தின் அடையாளம். ரெக்ஏ புரதம் அந்த இழையின்மேல் வரிசையாகப் படியும். படிந்த ரெக்ஏவைத் தொட்டதும் லெக்ஸ்ஏ என்னும் ஒடுக்கி தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்ளும். அது அமுக்கி வைத்திருந்த 40-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பிழையில்லாமல் சீராக்கும் நொதிகள் முதலில் வேலைக்கு வரும். பிழையோடு படியெடுக்கும் நொதி கடைசியில், வேறு வழியில்லாதபோதுதான் வரும். இந்த வரிசையே என்னை வியக்கவைக்கிறது. பிழை என்பது செல்லின் கவனக்குறைவு அல்ல. மற்றதெல்லாம் தீர்ந்தபின் அது எடுக்கும் முடிவு.

1944-ன் புதிரும் விடுபட்டது. விழித்தெழும் மரபணுக்களில் ஒன்றான சுல்ஏ, பிரிவுச் சுவர் எழுப்பும் புரதத்தைத் தடுக்கிறது. சீரமைப்பு முடியும்வரை பிரியாதே என்பது அதன் பொருள். முடிந்ததும் லான் என்னும் நொதி சுல்ஏவைச் சிதைத்துத் தடையை நீக்க வேண்டும். பி வகையில் லான் இல்லை. அதனால் அது நீண்டு நீண்டு மாய்கிறது. அந்த நான்கு காலனிகளிலிருந்து வந்த பி/ஆரில் சுல்ஏவே பழுது. தடை விழவே இல்லை.

இதெல்லாம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் கதை. மனிதருக்கு இதில் என்ன? இங்கேதான் விருதைப் பகிர்ந்துகொண்ட மற்றவர் வருகிறார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிரஹாம் வாக்கரின் ஆய்வகம், விட்கின் திறந்த பாதையில் நடந்து, பிழையோடு படியெடுக்கும் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே முனைவர் பட்ட மாணவராக அந்த மரபணுக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் ஸ்டீபன் எல்லெட்ஜ். பின்னர் ஈஸ்டுக்கு மாறினார். டிஎன்ஏ சேதமானதும் ஈஸ்டிலும் சில மரபணுக்கள் விழிப்பதைக் கண்டார். சேதமுற்ற ஈஸ்ட் செல்கள் சீராகும்வரை பிரியாமல் காத்திருப்பதை 1988-ல் ஹார்ட்வெல், வைனெர்ட் இருவரும் காட்டியிருந்தார்கள். அந்தத் தடையைச் செல்லின் எந்தப் புரதம் எந்தப் புரதத்துக்குச் சொல்லி நிறைவேற்றுகிறது என்ற சங்கிலியை எல்லெட்ஜும் பிறரும் கண்ணி கண்ணியாகக் கோத்தார்கள். எல்லெட்ஜ் அதை ஈஸ்டிலிருந்து மனித செல்வரை கொண்டுவந்தார்.

நம் செல்லில் சேதத்தை உணர்பவை ஏடிஎம், ஏடிஆர் என்னும் இரண்டு புரதங்கள். அவை சிஎச்கே2, சிஎச்கே1 என்னும் அடுத்த கண்ணிகளைத் தூண்டுகின்றன. செய்தி பி53-ஐ அடைகிறது. பி53, பி21-ஐ எழுப்புகிறது. பி21 செல் பிரிவை நிறுத்துகிறது. சேதம் தீராது என்று தெரிந்தால் பி53 அந்தச் செல்லைச் சாகவைக்கவும் செய்யும். லெக்ஸ்ஏவும் இல்லை, சுல்ஏவும் இல்லை, புரதங்கள் எல்லாம் வேறு. ஆனால் உணர், நிறுத்து, சீராக்கு என்ற முறை அதேதான். 2007-ல் எல்லெட்ஜின் குழு வெளியிட்ட பட்டியலில் ஏடிஎம், ஏடிஆர் இரண்டும் சேதத்தின்போது மாற்றியமைக்கும் புரதங்கள் 700-க்கும் மேல் இருந்தன.

இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு புற்றுநோயில் போய் நிற்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. ஏடிஎம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தள்ளாட்டமும், கதிர்வீச்சைத் தாங்காத உடலும், இரத்தப் புற்றுநோய்க்கான ஆபத்தும் சேர்ந்து வருகின்றன. மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களில் இறங்கிவரும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் டிஎன்ஏ முறிவைச் சரிசெய்பவை. வெயில் பட்டாலே தோலில் புற்றுநோய் வரும் நிறமி வறட்சி நோயின் ஒரு வகையில், தைமின் பிணைப்பைப் பிழையின்றித் தாண்டிப் படியெடுக்கும் ஒரு சிறப்பு நொதி இல்லை என்று 1999-ல் தெரியவந்தது. அந்த நல்ல நொதி இல்லாத இடத்தை, பிழை செய்யும் வேறு நொதிகள் நிரப்புகின்றன. தழும்பு அங்கிருந்து வருகிறது.

அறுந்த கண்ணியே மருந்துக்கு வழியும் ஆகிறது. பிஆர்சிஏ பழுதான புற்றுசெல் ஏற்கெனவே ஒரு சீரமைப்பு முறையை இழந்து நிற்கிறது. பார்ப் என்னும் நொதியையும் தடுத்தால் அதனால் சமாளிக்க முடியாது. நல்ல செல்கள் சமாளித்துக்கொள்ளும். 2005-ல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. 2014-ல் ஓலாபரிப் என்ற மருந்து சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

விட்கினுக்கு 1977-ல் தேசிய அறிவியல் கழக உறுப்பினர் தகுதியும், 2002-ன் தேசிய அறிவியல் பதக்கமும் கிடைத்தன. லாஸ்கர் அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, டிஎன்ஏ சீரமைப்பின் வேதியியலுக்காக லிண்டால், மோட்ரிச், சான்ஜார் மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் விட்கின் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமே. சீரமைக்கும் கருவிகளுக்குக் கிடைத்த மரியாதை, அவற்றை எப்போது எடுப்பது என்று செல் முடிவெடுப்பதைக் கண்டவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். 2023 ஜூலையில், 102-ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் தொடங்கியது புற்றுநோய் மருத்துவத்தின் இன்னொரு கடினமான முடிச்சுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் புற்றுசெல்களைக் கொல்கின்றன. சில செல்கள், பிழையோடு படியெடுக்கும் நம்முடைய நொதிகளின் துணையால் அந்தச் சேதத்தைத் தாண்டிப் பிழைத்துவிடுகின்றன. பிழைக்கும்போதே புதிய சடுதிமாற்றங்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே மருந்து அவற்றைத் தொடுவதில்லை. அந்த நொதிகளைத் தடுத்துவிட்டால் என்ன? பழைய எஸ்ஓஎஸ் மரபணுக்களில் தொடங்கிய கிரஹாம் வாக்கர் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார். பிழையோடு படியெடுக்கும் நொதிக் கூட்டணி ஒன்று சேராமல் தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறைப் பற்றி அவரும் உடனுழைத்தவர்களும் 2019-ல் எழுதினார்கள். மனிதக் கருந்தோல் புற்றுநோய் செல்களை ஏந்திய எலிகளுக்குச் சிஸ்பிளாட்டினோடு அதையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகளின் வளர்ச்சி அடங்கியது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. எலியிலிருந்து நோயாளியின் படுக்கைவரை உள்ள தூரம் நீண்டது. பல மூலக்கூறுகள் அதில் பாதியிலேயே விழுந்துவிடும். ஆனால் புற்றுசெல்லைக் கொல்வதோடு, அது மாறிக்கொள்வதையும் தடுக்கலாமா என்ற கேள்வி இன்று ஆய்வக மேசையில் இருக்கிறது. மாறுவது செல்லின் செயல் என்று தெரிந்தால்தான் அப்படிக் கேட்கவே முடியும்.